ஒன்பது இடங்களில் அக்கா

12 ஜூன் 1983

அக்கா,

வந்து சேர்ந்து பதினேழு நாள் ஆகிறது. போனதும் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு எழுதாததற்கு மனசுக்குள் திட்டியிருப்பாய். வாய்விட்டும் திட்டியிருப்பாய். நான் நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று அம்மாவிடம் சொல். உன்னிடம் உண்மையைச் சொல்கிறேன்: காலையில் ரொட்டியும் டீயும், மதியம் ரொட்டி, சாயங்காலம் டீ.

ஒரு சலவைக்கடைக்கு மேலே எனக்கு அறை. கீழே இயந்திரம் ஓடத் தொடங்கினால் கட்டில் நகர்ந்து கதவுப் பக்கம் போய்விடும். தினமும் இழுத்துப் பழைய இடத்தில் போடுகிறேன். பியானோ வைக்க இடமில்லை. இடம் இருந்தாலும் பியானோ இல்லை. ஒரு அட்டைப் பெட்டியைப் பிரித்து, அளவெடுத்துக் கட்டைகளை வரைந்து, அதில்தான் பழகுகிறேன். பக்கத்து அறைக்காரர் இதுவரை புகார் எதுவும் சொல்லவில்லை.

வேலை கிடைத்துவிட்டது. ஒரு நடனப் பள்ளியில் காலை எட்டிலிருந்து ஒரு மணி வரை குழந்தைகள் குதிப்பதற்கு வாசிக்க வேண்டும். இரண்டாம் நாளே மானம் போயிற்று. அங்கே உள்ள பியானோவில் எல்லாக் கட்டையும் பேசுகிறது. எனக்குத்தான் கோளாறு. மூடியின் சாவித்துவாரத்துக்கு நேர் கீழே இருக்கிற வெள்ளைக் கட்டை வந்ததும் விரல் இறங்கவில்லை. நம் வீட்டு ஊமைக் கட்டையோடு பதினாலு வருஷம் பழகிய விரல், அக்கா. அந்த இடத்தில் நீ பாடுவாய் என்று காது காத்திருக்கிறது. பதினைந்து குழந்தைகள் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு அப்படியே நின்றார்கள். ஒருத்தி விழுந்தே விட்டாள்.

"அங்க என்ன, யாராவது வரப்போறாங்களா?" என்று டீச்சர் கேட்டார். பாஷை புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று. புரிந்ததும், ஆமாம் என்று சொல்லவேண்டும் போல் இருந்தது. தலையை மட்டும் ஆட்டினேன்.

வீட்டு ஞாபகம் அதிகமாக வருகிறது. இதை அம்மாவிடம் படித்துக் காட்டாதே.

மத்தளம்


3 ஆகஸ்ட் 1983

அருமைத் தம்பி மத்தளத்துக்கு,

பாத்திரம், மேசை, என் முதுகு என்று எதைக் கண்டாலும் தட்டிக்கொண்டிருந்த பயலுக்கு வைத்த பெயர் வெளிநாடு வரைக்கும் போயிருக்கிறது. சந்தோஷம்.

உன் கடிதத்தை அம்மாவிடம் படித்தேன். ரொட்டி வருகிற இடத்தை எல்லாம் சாப்பாடு என்று மாற்றிப் படித்தேன். கடைசி வரியை விட்டுவிட்டேன். ஆனால் அம்மா, "இன்னும் ஒரு வரி இருக்குமே" என்றாள். அவள் கண்ணில் மண்ணைத் தூவ முடியுமா?

உன் டீச்சர் கதையைப் படித்து நான் சிரித்த சிரிப்பில் டெலிபோன் அறையே திரும்பிப் பார்த்தது. ஆஸ்பத்திரி எக்ஸ்சேஞ்சில் இப்போது மூன்று பேர் இருக்கிறோம். "எந்த வார்டு?", "கொஞ்சம் இருங்க", "பேசுங்க". ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை. சூப்பரின்டெண்ட் போன வாரம், என் குரலைக் கேட்டால் பாதி வியாதி குணமாகிவிடுகிறது என்று நாலு பேர் முன்னால் சொன்னார். அதனால்தான் லீவு கேட்டால் தருவதில்லை போலிருக்கிறது. நீ மட்டும் வீட்டுக்குப் போன் பண்ணாதே. நாள் முழுக்க அதைக் காதில் மாட்டிக்கொண்டு இருக்கிறவளுக்கு வீட்டிலும் அதே சத்தமா? எழுது.

அந்தக் கட்டையை நினைத்தால் அப்பாதான் ஞாபகம் வருகிறார். பள்ளிக்கூடத்தில் கால் உடைந்த பியானோவைத் தூக்கிப் போடுகிறார்கள் என்றதும், பள்ளிக்கூடத்துத் தச்சர்தானே, கேட்டு வாங்கித் தள்ளுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். கால் போட்டார், மூடி போட்டார். உள்ளே கம்பியைத் தட்டுகிற சுத்தியல் ஒன்று முறிந்திருந்தது. மரம்தானே என்று புதுசு செதுக்கிப் பசை போட்டு ஒட்டினார். மறுநாள் பக்கத்துக் கட்டை இரண்டும் சேர்ந்து ஒட்டிக்கொண்டன. "ஒண்ணு ஊமையா இருந்துச்சு, இப்ப மூணு" என்று அம்மா சொன்னாள். அப்பா பசையைச் சுரண்டி எடுத்தார். அப்புறம் அதன் பக்கம் போகவே இல்லை. அன்றிலிருந்து அந்தக் கட்டைக்குப் பதிலாகப் பாடுகிற உத்தியோகம் எனக்கு வந்தது.

பல் தேய்க்கும்போதுகூட வாயில் நுரையோடு பாடியிருக்கிறேன். சண்டை போட்டால் பாடாமல் உன்னைத் தவிக்கவிட்டிருக்கிறேன். நீ உள்ளே இருந்து, "அக்கா, ஒரே ஒரு தடவை, அக்கா" என்று கெஞ்சுவாய். அந்தக் கெஞ்சலுக்காகவே சண்டை போட்ட நாளும் உண்டு.

அங்கே எல்லாக் கட்டையும் பேசுகிறது என்றால் நீ அதற்குப் பழகிக்கொள்ள வேண்டியதுதான்.

அக்கா


20 மார்ச் 1988

அக்கா,

இதோடு வரும் இசைக்குறிப்புப் புத்தகத்தைப் பத்திரமாகப் பிரி. அச்சடித்தது. என் பெயர் போட்டிருக்கிறது. எழுத்துப் பிழை இல்லை, நாலு தடவை பார்த்துவிட்டேன்.

நான் நடனப் பள்ளியிலிருந்து ஹோட்டலுக்கு மாறி மூன்று வருஷம் ஆயிற்று என்று எழுதியிருந்தேன் அல்லவா. வரவேற்புக் கூடத்தில், மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை. ஒரு பக்கம் பெட்டிகளை உருட்டுவார்கள், ஒரு பக்கம் சாவி கேட்பார்கள், நடுவில் நான். ஒரே மதியத்தில் பிறந்தநாள் பாட்டு ஆறு தடவை வாசித்திருக்கிறேன். யாரும் எதுவும் கேட்காத நேரத்தில் என் சொந்த உருப்படி ஒன்றைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். மழைக்கு ஒதுங்கிய ஒரு அம்மா, மழை விட்ட பிறகும் போகாமல் உட்கார்ந்து கேட்டார். அவர் ஒரு சின்ன அரங்கம் நடத்துகிறவர். "இதுல நடுநடுவுல நிக்கிறீங்களே, மறந்துட்டீங்களா?" என்றார். இல்லை என்றேன். "அப்ப என் இடத்துல வந்து வாசிங்க" என்றார்.

அறுபது நாற்காலி. நாற்பத்தொரு பேர். நான் எண்ணினேன். கடைசியில் எழுந்து நின்றார்கள் அக்கா, வீட்டுக்குப் போவதற்கு இல்லை.

பெயர் 'மரத்தூள்'. அப்பா வேலை முடித்து வந்து உட்கார்ந்ததும் சட்டையிலிருந்து உதிருமே, அதுதான். ஒன்பது இடத்தில் ஒன்றும் எழுதாமல் வெறுமனே விட்டிருக்கிறேன். அச்சகத்தில் விட்டுப்போயிற்றென்று நினைத்து அவர்களாகவே நிரப்பிவிட்டார்கள். ஒன்பதையும் சண்டை போட்டு எடுக்க வைத்தேன். அங்கே என்ன வரும் என்று உனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியவேண்டாம்.

என் பக்கத்தில் உட்கார்ந்து உனக்கும் நோட்டு படிக்க வந்துவிட்டதே, அதனால்தான் அனுப்புகிறேன்.

மத்தளம்


9 அக்டோபர் 1993

தம்பிக்கு,

அம்மாவுக்கு மூட்டுவலி பரவாயில்லை. வீடு வெள்ளையடித்தாயிற்று. இனி விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரிக் கண் டாக்டர் வெளிநாடு போய்விட்டு ஒரு பத்திரிகையோடு வந்தார். அதில் நீ பியானோ மேல் கையை வைத்துக்கொண்டு நிற்கிறாய். நல்ல கோட்டு. டாக்டர் நேராக எக்ஸ்சேஞ்சுக்கே வந்து, "உங்க தம்பிதானே, நான் படிச்சு அர்த்தம் சொல்றேன்" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. மற்ற இரண்டு பேரையும் கூப்பிட்டேன். வாசலில் நின்ற ஆயாவையும் கூப்பிட்டேன். அத்தனை பேர் முன்னால் அவர் படித்தார்.

உன் மௌனத்தைப் பற்றி ஒரு பக்கம். சொந்த மண்ணை விட்டவன் சொல்ல முடியாமல் விழுங்கியவைதான் அந்த ஒன்பது மௌனங்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். எழுதட்டும். அப்புறம் உன்னைக் கேள்வி கேட்கிறார்கள்: வீட்டில் யாரிடம் கற்றீர்கள்? நீ பதில் சொல்கிறாய்: "எங்கள் வீட்டில் இசை தெரிந்தவர்கள் யாரும் இல்லை. தனியாகத்தான் கற்றேன்."

டாக்டர் நல்லவர். அந்த வரி வந்ததும் குரலைத் தாழ்த்திவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விட்டார். ஆனால் கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். வருஷக்கணக்காக நான் அவர்களிடம் என்ன கதை அளந்தேன் என்று உனக்குத் தெரியாது.

எனக்குப் பட்டமும் மாலையும் வேண்டாம். என் பெயர்கூட வேண்டாம். "அக்கா இருந்தாள்" என்று இரண்டு வார்த்தை. அதற்குக்கூட உன் வாய் வரவில்லையா? நான் பாடிய இடத்தை மௌனம் என்று விற்றுவிட்டாயே.

அம்மாவிடம் இதைச் சொல்லவில்லை. படத்தை மட்டும் காட்டினேன். இளைத்துவிட்டான் என்றாள்.

அக்கா


2 நவம்பர் 1993

அக்கா,

நாலு கடிதம் எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதையும் கிழித்தால் எழுதவே மாட்டேன் என்று பயந்து இப்படியே அனுப்புகிறேன்.

அவர்கள் வேகமாகக் கேட்கிறார்கள். எனக்கு அவர்கள் பாஷையில் கொஞ்சம் கொஞ்சம்தான் சொல்லத் தெரியும். "ஒரு கட்டை ஊமை, அதற்குப் பதிலாக அக்கா பாடுவாள்" என்பதை முன்பு ஒரு முறை சொல்லிப் பார்த்தேன். ஓட்டைப் பியானோவா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஆனால் அன்றைக்கு இரவல் கோட்டும் இறுக்கமான ஷூவும் போட்டுக்கொண்டு நின்ற எனக்கு அது சுருக்கென்றது. அடுத்த முறை கேட்டபோது சுலபமான பதிலைச் சொன்னேன். அதற்கப்புறம் அதுவே பழகிவிட்டது. அந்த மௌனத்தைப் பற்றி எல்லோரும் பெரிதாகப் பேசும்போது, அது நம் வீட்டு விஷயம் என்று வாய் திறக்கப் பயமாகவும் இருந்தது.

வெட்கம்தான் அக்கா. உன்னைப் பற்றி இல்லை, அந்தப் பியானோவைப் பற்றி. ஆனால் அதை மறைத்தபோது நீயும் அதோடு சேர்ந்து மறைந்துபோனாய். எழுதும்போதுதான் இது எனக்கே தெரிகிறது.

நீயும் ஒன்று யோசி. நான் யாரும் இல்லை என்று நினைத்திருந்தால் அந்த இடத்தை ஏன் காலியாக விடுகிறேன்? நிரப்பிவிட்டுப் போயிருக்க மாட்டேனா? கோபத்தில் இருக்கிறவளிடம் நியாயம் பேசக்கூடாது. பேசிவிட்டேன். மன்னித்துவிடு.

மத்தளம்


18 ஜனவரி 2001

தம்பிக்கு,

பியானோ ரிப்பேர்க்காரரை வரவழைத்து அந்த ஊமைக் கட்டையைச் சரிபண்ணிவிட்டேன். இப்போது பேசுகிறது. உனக்குத் தெரிவிக்க வேண்டும் என்று தோன்றியது.

எக்ஸ்சேஞ்சிலிருந்து எனக்குப் பதிவேட்டு அறைக்கு மாற்றல். வீட்டுப் போனை எடுத்துவிட்டேன். அம்மா போன பிறகு அது அடித்தாலும் எடுக்க ஆளில்லை. ஏதாவது இருந்தால் எழுது.

அக்கா


11 பிப்ரவரி 2001

அக்கா,

நாலு வருஷத்துக்கு முன்னால் அம்மா காரியத்துக்கு வந்து நாலு நாள் தங்கியபோது பியானோ மூடியை நான் திறக்கவில்லை. அது உன் மனசில் இருக்கிறது, தெரியும். உன் எதிரில் வாசிக்கத் தைரியம் வரவில்லை. அந்த இடம் வரும்போது நீ பாடாமல் உட்கார்ந்திருந்தால் என்ன செய்வேன் என்று பயம்.

அதற்காக இப்படியா? சின்ன வயசில் பாடாமல் பழிவாங்குவாய், கெஞ்சினால் இறங்கி வருவாய். இப்போது கெஞ்சுவதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டாய். போனையும் எடுத்துவிட்டாய். உன் குரல் காதில் விழவே கூடாது என்று தீர்மானம் செய்துவிட்டாய் போலிருக்கிறது.

சரி. எல்லாக் கட்டையும் பேசட்டும். நான் எழுதப்போவதில்லை.


5 ஏப்ரல் 2016

அக்கா,

பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. எனக்கு ஐம்பத்தேழு. தலை முழுக்க நரைத்துவிட்டது. உனக்கு அறுபத்திரண்டு. வேலையிலிருந்து ஓய்வு வாங்கியிருப்பாய். வீடு மாறவில்லை என்ற நம்பிக்கையில் பழைய விலாசத்துக்கே எழுதுகிறேன்.

'மரத்தூள்' மறுபதிப்பு வருகிறது. பதிப்பாசிரியர் ஒரு பெண், கறாரானவள். "ஒவ்வொரு வாசிப்பாளரும் அந்த இடத்துல ஒவ்வொரு நேரம் நிக்கிறாங்க. எவ்வளவு நேரம் நிக்கணும்னு எழுதிக் குடுங்க" என்று கேட்டாள். பென்சிலை எடுத்தேன். ஒரு மூச்சு நேரம் என்று எழுதப்போனேன். யாருடைய மூச்சு என்று கேட்பாளே என்று நினைத்தபோது கை நின்றுவிட்டது.

அப்புறம் நம் பாஷையிலேயே எழுதினேன். "இங்கே என் அக்கா பாடுவாள்." முதல் இடத்தில் எழுதினேன். ஒன்று போதுமே என்றாள். இல்லை, ஒன்பதிலும் வேண்டும் என்றேன். அப்படியே அச்சடித்திருக்கிறார்கள், கீழே அவர்கள் பாஷையில் அர்த்தத்தோடு. வெளியீட்டு விழாவில் பியானோ பக்கத்தில் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். தள்ளுவண்டி, பசை, பல் தேய்க்கும் நுரை. சிரித்தார்கள். இந்த முறை சுருக்கென்று இல்லை. வாசிக்கும்போது அந்த இடத்தில் நின்றால் அரங்கத்தில் ஒரு இருமல் இல்லை. அவர்களும் உனக்காகக் காத்திருந்தார்கள்.

இருபத்திமூன்று வருஷம் தாமதம். ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று கேட்க எனக்கு வாயில்லை. புத்தகத்தை மட்டும் பிரித்துப் பார்.

மத்தளம்


28 ஏப்ரல் 2016

அருமைத் தம்பி மத்தளத்துக்கு,

புத்தகம் வந்தது. ஒன்பது இடத்தையும் விரல் வைத்து எண்ணினேன். நாலாவது இடத்தில் 'பாடுவாள்' என்பதில் ஒரு துணைக்காலை விட்டுவிட்டார்கள். நீ நாலு தடவை பார்க்கவில்லை போலிருக்கிறது. அழுதேன் என்றும் எழுதிவிடுகிறேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

உனக்குத் தெரியாத இரண்டு விஷயம் இருக்கிறது.

நீ வெளிநாடு போன மறுவாரமே நான் பியானோ முன்னால் உட்கார்ந்துவிட்டேன். வீட்டில் ஒன்றுதானே இருந்தது, நீ எழுந்தால்தானே நான் உட்கார முடியும். வேலை முடிந்து வந்ததும் தினமும் ஒரு மணி நேரம். உனக்கு எழுதினால் கேலி பண்ணுவாய் என்று சொல்லவில்லை. 'மரத்தூள்' வந்ததும் அதையும் எடுத்து வைத்தேன். மூன்று வருஷம் பிடித்தது. நான்காம் பக்கம் இன்னும் தகராறுதான். கை இரண்டும் வாசிக்கும், வாய் அந்த ஒன்பது இடத்தில் பாடும். ஒரே ஆளாகக் கச்சேரி. அம்மா கேட்டுக்கொண்டே படுத்திருப்பாள்.

இரண்டாவது. 2000-ல் கழுத்தில் ஒரு கட்டி வந்து எடுத்தார்கள். உயிருக்கு ஒன்றும் இல்லை. குரல் போய்விட்டது. பேசினால் காற்றுதான் வருகிறது, பக்கத்தில் வந்து காதைக் கொடுத்தால் கேட்கும். காற்றை வைத்துக்கொண்டு எக்ஸ்சேஞ்சில் என்ன செய்வது, அதனால் பதிவேட்டு அறை. போனை ஏன் எடுத்தேன் என்றும் இப்போது உனக்குப் புரியும். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் உன் பாட்டை வாசித்தேன். முதல் இடம் வந்தது. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அன்றைக்குத்தான் அது நிஜமாகவே மௌனமாக இருந்தது. மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. பாட ஆளில்லாத வீட்டில் கட்டையாவது பேசட்டும் என்று ரிப்பேர்க்காரரைக் கூப்பிட்டேன்.

நீ அதைப் பழிவாங்கல் என்று எழுதினாய். திருத்தி எழுதப் பேனாவை எடுத்தேன், அப்புறம் மூடிவிட்டேன். எங்கோ ஒரு மேடையில் நீ அந்த இடத்தில் நிற்கும்போது உன் காதில் என் பழைய குரல் கேட்டுக்கொண்டிருக்கும். அதையும் ஏன் கெடுக்க வேண்டும் என்று தோன்றியது. கோபக்காரி என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தேன். கோபம் கொஞ்சம் இருக்கவும் செய்தது.

இப்போது இல்லை.

அக்கா


14 மே 2016

அக்கா,

பதினைந்து வருஷம் உன்னைக் கல்நெஞ்சக்காரி என்று நினைத்துக்கொண்டு ஊர் ஊராக வாசித்திருக்கிறேன். இதை எதைக் கொண்டு சரிக்கட்டுவது என்று தெரியவில்லை. மன்னிப்பு கேட்டு எழுதினால் மறுபடி கிழிக்கத்தான் போகிறேன். அதனால் நேரில் வருகிறேன். ஜூன் இரண்டாம் தேதி காலையில் வந்து சேருவேன். திரும்பிப் போகும் தேதி எதுவும் போடவில்லை.

ஒரு வேண்டுகோள். அந்த ரிப்பேர்க்காரரை மறுபடி கூப்பிட்டு அந்தக் கட்டையின் சுத்தியலைக் கழற்றச் சொல். 'மரத்தூளை' நீ வாசி. நான் பக்கத்தில் உட்கார்ந்து பாடுகிறேன். ஒன்பது இடத்திலும்.

மத்தளம்


23 மே 2016

அருமைத் தம்பி மத்தளத்துக்கு,

ரிப்பேர்க்காரர் வந்து கழற்றிவிட்டுப் போனார். "நல்லா இருக்கிற சாமானைக் கெடுக்கச் சொல்றீங்களே" என்று ஒரு பாடு புலம்பினார். தம்பி வருகிறான் என்று காகிதத்தில் எழுதிக் காட்டினேன். அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டார். நீயே வந்து விளக்கிச் சொல், எனக்கு மூச்சு வாங்கும்.

சுத்தியலை உனக்காக ஒரு டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். நான்காம் பக்கத்தில் தடுமாறுவேன், சிரிக்கக்கூடாது. நானும் சிரிக்கமாட்டேன், ஏனென்றால் உனக்குச் சின்ன வயசிலிருந்தே சுதி நிற்காது, கொஞ்சம் கீழே இறங்கியே பிடிப்பாய். பரவாயில்லை. நீ சரியாகப் பிடிக்கிற வரைக்கும் அந்த இடத்தில் விரலைத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன்.

அக்கா